புகை குடித்த கரிஞான்

மரீஸ் பர்த்தேஸ் நர்போன் நகரத்தில் ரயில்வேக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள். கொர்பியேர் குன்றுகளில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த லூசியானைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், கிரெனாஷ் ரகம் எது, சிரா ரகம் எது என்று தெரியாமல் இலை இலையாகப் பார்த்து விழித்தாள். ஆனால் மேட்டுச் சரிவின் கல்மண்ணில் முண்டும் முடிச்சுமாக நின்ற கரிஞான் கொடிகளை அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. வெறும் புளிப்பு என்று அக்கம்பக்கத்தார் கரிஞானைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த காலம் அது. லூசியானும் கடப்பாரையை எடுத்தான். மரீஸ் குறுக்கே போய் நின்றாள்.

பிறகு லூசியானுக்கு இடுப்பு விழுந்தது. தோட்டமும் ஒயின் கிடங்கும் அவள் பொறுப்பாயின. கரிஞானைத் தனியாகப் பறித்து, தனியாக நொதிக்கவிட்டாள். கறுத்த நிறத்தில், குன்றுப் புதர்களின் வாசத்தோடு வந்த அந்த ஒயினைக் கேட்டு பாரீஸிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

அந்த ஆகஸ்டில் மலைக்கு அப்பால் தீப்பிடித்தது. காற்று ஊரைப் பார்த்து அடித்தது. ஊரையே காலிசெய்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பைன் மரங்களையும் புதர்களையும் தின்றுகொண்டு இறங்கி வந்த நெருப்பு, மரீஸின் தோட்டத்து விளிம்பில் நின்றுவிட்டது. கொடிகள் பச்சை, இடையில் உழுதுபோட்ட வெறும் மண். அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. ஓரத்து வரிசைகள் மட்டும் கருகின. தோட்டத்துக்குக் கீழே இருந்த அத்தனை வீடுகளும் பிழைத்தன.

திரும்பி வந்த அன்று, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒனோரே அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“மரீஸ், இனிமே சாகிற வரைக்கும் தண்ணியே குடிக்கமாட்டேன். உன் ஒயின்தான்.”

“இவ்வளவு நாள் மட்டும் தண்ணியா குடிச்சீங்க?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

புகை மட்டும் பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை. நாள்கணக்கில் கொடிகளின்மேல் படுத்துக் கிடந்தது. அது விலகியபோது குலைகள் அழகாக இருந்தன. மரீஸ் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தாள்; தித்தித்தது. சோதிக்க வந்த ஒயின் நிபுணர், கிளோத்தில் என்ற பெண், மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“பழத்துல புகை தெரியாது மேடம். தோலுக்குள்ள போய் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நொதிக்கும்போதுதான் வெளிய வரும்.”

“கழுவிட்டா?”

“மேலே இருந்தா கழுவலாம்.”

“அப்ப என்னதான் செய்யறது?”

கிளோத்தில் தன் கண்ணாடியைத் துடைத்தாள்.

மரீஸ் சிராவையும் கிரெனாஷையும் முதலில் பறித்து, தோல் ஊறவிடாமல் உடனே பிழிந்தாள். அந்த வெளிர்சிவப்புச் சாற்றிலும் கொஞ்ச நாளில் கருகல் தலைகாட்டியது. கரிஞானுக்கு அந்த வழியும் இல்லை. தோலோடு ஊறினால்தான் அது அவளுடைய ஒயின். தொட்டியில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். முதலில் நல்ல வாசம்தான் வந்தது. அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது. பிறகு ஒரு காலை கிடங்குக் கதவைத் திறந்தபோது, நனைந்த சாம்பல் நாற்றம் முகத்தில் அடித்தது.

லூசியான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். ஒரு வாய் எடுத்து, துப்பாமல் விழுங்கினான்.

“துப்பியிருக்கலாமில்ல?” என்றாள்.

“உன் ஒயினை நான் எப்படித் துப்புவேன்?”

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தோளில் கை வைத்தான். கரித்தூள் போட்டு வடித்துப் பார்த்தார்கள். சாம்பல் நாற்றம் போயிற்று, அதோடு வாசம், காரம், உயிர் எல்லாம் போயின. மிஞ்சியது சாயத்தண்ணீர்.

ஊர் பிழைத்ததற்காக மேயர் விருந்து வைத்தார். மரீஸின் ஒயின்தான் வேண்டும் என்று ஒனோரே அடம்பிடித்தார்.

“வேணாம், நல்லால்ல,” என்றாள்.

“சும்மா கொண்டா. நீ எதைத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கே?”

கொண்டுவந்தாள். ஊற்றினார்கள். கிண்ணங்கள் உயர்ந்தன. வீடு தப்பித்த ஒவ்வொருவரும் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கப் பாடுபட்டார்கள்.

“குடிக்கலாம்,” என்றார் ஒனோரே, கண்ணில் நீர் முட்ட. “தாராளமா குடிக்கலாம்.” இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திட்டியிருந்தால் மரீஸ் திருப்பித் திட்டியிருப்பாள். இவர்களிடமோ ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நவம்பரில், விற்க முடியாத ஒயினைக் காய்ச்சி வடிக்கும் சாராய ஆலையின் லாரி வந்து குழாயை மாட்டி, தொட்டிகளை உறிஞ்சியது. “என்னா நிறம் மேடம்!” என்றான் ஓட்டுநர், விவரம் தெரியாமல். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த வருஷப் பழத்தில் இந்த வாசம் இருக்காது என்று கிளோத்தில் சத்தியம் செய்திருந்தாள். குளிர்காலத்தில் மரீஸ் கவாத்துக் கத்தரியோடு மேட்டுக்கு ஏறினாள். கருகிய வரிசையில் ஒரு கிளையை வெட்டிப் பார்த்தாள், உள்ளே பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. மூன்றாவதில் மெல்லிய பச்சை ஒரு கோடாகத் தெரிந்தது. துளிர்க்க அது போதுமா என்று வசந்தம் வராமல் யாராலும் சொல்ல முடியாது. எதிரே மலை மொட்டையாக, கறுப்பாக நின்றது. காய்ந்த காற்று மறுபடியும் அந்தப் பக்கமிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது.