ஹெப்சிபா கிடக்கும் குழி

சாலோமியின் புருஷன் அருமைநாயகம் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது, அவர்களுடைய ஒரே மகள் ஹெப்சிபா செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றோரம் இருந்த அந்த ஊரில் ஐப்பசி மழையோடு வாந்திபேதி வந்து, பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. சேதி எகிப்துக்குப் போயிற்று. சூயஸ் கால்வாய்க் கரையில் பட்டாளத்தின் பாலத்துக்கும் பாதைக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன் ஆறுதலாக நாலு வரி எழுதினான். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் பிள்ளையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. விடுப்பில் போய்ப் பார்த்த, சேத்தி ராஜா என்ற பழைய எகிப்துப் பார்வோனின் கல்லறையைப் பற்றியே வருகிறவர்களிடமெல்லாம் பேசினான். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பாக்கியசீலன் வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் சபையாரைக் கூட்டி அவனைப் பேசச் சொன்னார். சாலோமியும் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

அவன் பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான்.

“மலையைக் குடைஞ்சு கட்டினது, மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. படி இறங்கினா நீளமா ஒரு நடைவழி. மறுபடியும் படி, மறுபடியும் நடை. சுவரு பூரா சித்திரம், நேத்து எழுதின மாதிரி இருக்கு. நடுவில கிணறு மாதிரி ஒரு குழி. அதுக்கு அந்தப் பக்கம் வாசலைச் சுவரு வச்சு அடைச்சு, இத்தோட முடிஞ்சுதுன்னு கள்ளன் நினைக்கட்டும்னு படம் எழுதி வச்சிருக்காவ. அதுக்குப் பின்னாலதான் தூண் மண்டபம். இன்னும் கீழ போனா ராஜாவைக் கிடத்தின அறை. வளைஞ்ச கூரை, அதுல நட்சத்திரக் கூட்டம்.”

“ராஜா உடம்பு உள்ளதான் இருக்கா?” என்று வாத்தியார் கேட்டார்.

“இல்லை அண்ணாச்சி. கள்ளம்மாரு புகுந்துட்டாவன்னு பூசாரிமாரே தூக்கிட்டுப் போயி, வேற ராஜாக்களோட சேர்த்து ஒரே குழியில ஒளிச்சு வச்சிட்டாவ. கல்லுப் பெட்டியை வெள்ளைக்காரன் லண்டனுக்குக் கொண்டுபோயிட்டான்.”

“அடப் பாவமே. அம்புட்டுக் கட்டியும் ஒரே குழியிலயா போட்டாவ?”

சாலோமி எழுந்துவிட்டாள். “எம் பிள்ளையும் அப்படித்தான் கிடக்கா, வாத்தியாரே. பத்துப் பதினோரு பிள்ளையளோட ஒரே குழியில. அது எங்கன இருக்குன்னு இவுக இன்னும் ஒரு வார்த்தை கேக்கல்லை.”

அருமைநாயகம் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மறுநாள் காலையில் அவன் கேட்டான். அவள் ஆற்றோரப் பொட்டலுக்குக் கூட்டிப் போனாள். உடைமரங்களுக்கு நடுவே நிலம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வேறு அடையாளம் இல்லை.

“இதுல எந்தப் பக்கம்?”

“தெரியாது. கிட்ட விடல்லை. சுண்ணாம்பைக் கொட்டி மூடினாவ. தூர நின்னு பாத்தேன்.”

அவன் குழியின் நீளத்தை நடந்து பார்த்தான். அளந்து படம் போடுகிறவனின் நடை அது. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது.

“ஒரு கல்லு நாட்டுவோம், சாலோமி. பேரை வெட்டி வைப்போம்.”

“உங்க இஷ்டம்.”

சபை மூப்பர்கள் ஒப்பவில்லை. எல்லார் வீட்டுப் பிள்ளையும் கிடக்கிற இடத்தில் ஒரு பெயர் மட்டும் எப்படி என்றார்கள். அப்படியானால் எல்லாப் பெயரையும் வெட்டச் சொல்லி அவன் மல்லுக்கு நிற்பான் என்று நினைத்தாள். அவன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

அவனுக்கும் வலித்திருக்கும், அதனால்தான் பேச்சை அந்தக் கல்லறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் மனசு இளகவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேண்டியதற்குப் பதில் சொன்னாள். பொட்டலுக்குத் தனியாகவே போய்வந்தாள்.

சாத்தான்குளம், ஆழ்வார்திருநகரி என்று அவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். “பார்வோன் சார்” என்று பேர் வந்தது. பிறகு வீடு தேடியே ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் உண்டா என்று யாராவது கேட்டால், “ஒண்ணு இருந்தா, சின்னதுலயே போயிட்டா” என்பான். அவர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் கல்லறையின் முதல் படியில் இறங்கியிருப்பான். சாலோமி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.