பெருக்காமல் வைக்க நினைத்த வீடு

பிரேமலதாவின் பிழைப்பைக் கெடுக்க ஒரு தலைமுடி போதும். தலையணையிலோ குளியலறை மூலையிலோ ஒன்று கிடந்தால், அதை அழகாகப் படம் பிடித்து, "சுத்தம் போதாது" என்று வாடகை வீட்டுச் செயலியில் எழுதிவிடுவார்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் ரங்கநாதரைச் சேவிக்க வந்த பக்தர்கள்தான். பெருமாள் பொறுத்துக்கொள்வார், இவர்கள் பொறுக்க மாட்டார்கள். அதனால் அவள் கண் அப்படிப் பழகிவிட்டது. வெள்ளை விரிப்பில் ஒரு முடி கிடந்தால் வாசற்படியில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள்.

ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவள் வீடு. கீழே கூடமும் இரண்டு படுக்கையறையும், மேலே ஒற்றை அறை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அவள் கணவர் பாலு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டியது. அவர் காலமான பிறகு, மெல்போர்னில் இருக்கும் ஒரே மகள் கமலவல்லி, வீட்டில் கமலி, ஒரு யோசனை சொன்னாள். இத்தனை பெரிய வீட்டில் ஒண்டியாக ஏன் கிடக்கிறாய், கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கீழ்வீட்டை நாள் வாடகைக்கு விடு, நாலு பேர் வந்து போனால் உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு என்றாள். படங்களை ஏற்றுவது, விவரம் எழுதுவது எல்லாவற்றையும் மகளே அங்கிருந்தபடி பார்த்துக்கொண்டாள். பிரேமலதா தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தால் வருகிறவர்கள் சங்கடப்படுவார்கள் என்று மகள் சொன்னதால் பாலுவும் கூடவே மாடி ஏறினார்.

ஆரம்பத்தில் பேச்சுத்துணை நிஜமாகவே இருந்தது. சாவியைக் கையில்தான் கொடுப்பாள். எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் காப்பி நன்றாயிருக்கும், குழந்தைகளை முக்கொம்புக்கு அழைத்துப்போக எந்த பஸ் என்று எல்லாம் சொல்வாள். வந்தவர்கள் யாருக்குத் திதி கொடுக்க வந்தார்கள், மூத்த பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பாள். பேச்சு நீளும். உள்ளதைச் சொல்வதானால், அவள்தான் நீட்டுவாள். ஒருநாள் ஒருவர் எழுதினார்: "வீடு பிரமாதம். ஆன்ட்டி கொஞ்சம் அதிகம் பேசுகிறார்." ஒரு நட்சத்திரம் குறைந்துபோனது. கமலி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரமே கேட் ஓரம் மாட்டுவதற்கு எண் பூட்டுப் பெட்டி ஒன்று கூரியரில் வந்து சேர்ந்தது.

இப்போது சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கும். எண் செல்போனில் போய்விடும். வருகிறவர்கள் திறந்துகொள்வார்கள், தூங்குவார்கள், பூட்டிச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். மாடியில் இருப்பவளுக்குக் கேட்பது இரண்டு கேட் சத்தம், வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று. "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும். பெட்டியிடம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இரண்டாவது சத்தம் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்குவாள். முதல் தடவை அவளுக்குக் கை வரவில்லை. வீட்டு மனுஷர் ஊருக்குக் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது. அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். போனவர்களின் காலடி வீட்டில் கிடக்க வேண்டும். உடனே கூட்டித் தள்ளுவது அவர்களையே கூட்டித் தள்ளுவது மாதிரி. கமலி முதன்முதலில் மெல்போர்ன் போனபோது, அவள் போய் இறங்கிப் பேசும்வரை துடைப்பம் மூலையை விட்டு நகரவில்லை. பாலுகூடக் காலில் மண் ஒட்டுகிறது என்று முணுமுணுத்தார். ஆனால் நாள் வாடகை வீட்டில் இதெல்லாம் பார்க்க முடியுமா? காலையில் ஒரு குடும்பம் போகும், மதியம் இன்னொன்று வரும். இவர்கள் நமக்கு யாரோ எவரோ, இவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் இல்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு பெருக்கப் பழகினாள்.

இந்தத் தை மாதம் கமலி வந்தாள். மூன்று வருஷம் கழித்து, நாலு நாள் லீவில், தனியாக. பிரேமலதா அந்த நாட்களை யாரும் பதிவு செய்ய முடியாதபடி செயலியில் அடைத்துவிட்டாள். மகள் கிளம்புகிற நாளில்தான் சிக்கல். பெங்களூரிலிருந்து வேதாந்தம் என்ற பெரியவர், மனைவியோடு வந்து தங்க அன்று மதியத்திலிருந்து முன்பே பதிவு செய்திருந்தார். செயலியில் ரத்து செய்தால் நட்சத்திரம் போய்விடும். அவரையே போனில் கூப்பிட்டு, அன்று ஒரு ராத்திரி மட்டும் அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ஏன் என்றார் அவர். வேறு யாரிடமாவது என்றால் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

"என் பொண்ணு அன்னைக்குத்தாங்க ஊருக்குப் போறா," என்றாள். "அன்னைக்கு என்னால வீட்டைப் பெருக்க முடியாதுங்க."

பெரியவர் மனைவியிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "எங்காத்துலயும் அதே வழக்கம்தாம்மா. பரவால்ல, நாங்க அங்கயே தங்கிக்கறோம்," என்றார்.

போனை வைத்ததும் பிரேமலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீடு வீடாகவே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கமலி வந்து இறங்கியதும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துவிட்டு, தானே எழுதிக் கொடுத்தது என்பது நினைவு வந்து சிரித்தாள். கூடத்துச் சுவரைச் சுற்றிப் பார்த்து, "அப்பா போட்டோ எங்கம்மா?" என்றாள்.

"மேல இருக்கு," என்றாள் பிரேமலதா. நீதானே எடுக்கச் சொன்னாய் என்று சொல்லவில்லை.

வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படித்தான் மகளும் வந்திருக்கிறாளோ என்று முதல் நாள் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மறுநாள் தெளிந்துவிட்டது. ஈரத்துண்டு நாற்காலியில் கிடந்தது, காப்பி டம்ளர் ஜன்னலில் வட்டம் போட்டிருந்தது, ஒரு சாக்ஸ் மட்டும் சோபாவுக்கு அடியில் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கமலி போட்டது போட்டபடி போகிறவள். குளியலறையில் அவளுடைய நீளமான முடி சுருண்டு கிடந்தது. மற்றவர் முடி என்றால் பதறிப்போகிறவள், இதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாலு நாளும் அவள் கீழ்வீட்டில், மகள் பக்கத்தில் படுத்தாள். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரும் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கமலி செயலியைப் பார்த்துவிட்டு, நாளை மதியமே ஆள் வருகிறார்களே, நான் காலையில் போனபிறகு நீ எப்போது சுத்தம் செய்வாய் என்று கேட்டாள். போனில் பேசி முடித்தது செயலிக்கு எப்படித் தெரியும்? பிரேமலதா காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பெண் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை இப்போது தாங்க முடியாது என்று தோன்றியது.

"அத நான் பாத்துக்கறேன். நீ பெட்டியக் கட்டு," என்றாள்.

காலையில் மகளுக்குக் கொடுத்துவிட மணப்பாறை முறுக்கும் கொஞ்சம் பூவும் வாங்கக் கடைக்குப் போனாள். முறுக்குக் கடை திறக்க வெகு நேரமானது. திரும்பி வந்தபோது கார் வந்து நின்றிருந்தது. பெட்டிகளெல்லாம் வாசலில், கதவு பூட்டியிருந்தது. நேரமாச்சும்மா, ஏறு என்றாள் கமலி. விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா," என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது பிரேமலதாவுக்கு.

திரும்பும் வழியில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அவள் அழவில்லை. வீட்டில் என்னவெல்லாம் கிடக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தாள். கசங்கிய விரிப்பு, ஜன்னலில் டம்ளர், ஈரத்துண்டு. மெல்போர்னிலிருந்து போன் வரும்வரை ஒன்றையும் தொடப்போவதில்லை. இன்று ராத்திரியும் கீழேயே, அந்த விரிப்பிலேயே படுக்க வேண்டும்.

சாவி பெட்டிக்குள் இருந்தது. மகளும் அங்கேதான் போட்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் பினாயில் வாசனை அடித்தது. கூடம் பெருக்கித் துடைத்திருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை. டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கட்டிலில் புது விரிப்பு, சுருக்கமில்லாமல். பழையதும் துண்டும் கொல்லைக் கொடியில் ஈரமாகத் தொங்கின. போட்டது போட்டபடி போகிறவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டைச் சுத்தம் செய்திருந்தாள். ஊருக்குப் போகிறவளே பெருக்கிவிட்டுப் போனால் என்ன செய்வது என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை.

போனில் செய்தி வந்திருந்தது. அம்மா, நீ தனியாகக் குனிந்து கஷ்டப்படக்கூடாது என்று நானே எல்லாம் முடித்துவிட்டேன், உனக்கு சர்ப்ரைஸ். கூடவே ஒரு முத்தப் படம். அன்பாகத்தான் செய்திருக்கிறாள். அதனால் அவள்மேல் கோபப்படவும் வழியில்லை.

பிரேமலதா தேட ஆரம்பித்தாள். தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தாள், குளியலறை மூலையில் குந்தி விரலால் தடவிப் பார்த்தாள், சோபாவை நகர்த்தினாள். ஒரு முடி, மகளுடைய ஒரே ஒரு முடி. இத்தனை நாள் எங்கிருந்தாலும் கண்ணில் பட்டது, இன்று எங்குமே இல்லை. அப்புறம் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

மதியம் முகத்தைக் கழுவிக்கொண்டு வேதாந்தத்துக்குப் போன் செய்தாள். வீடு தயாராக இருக்கிறது, இன்றைக்கே வந்துவிடலாம் என்றாள். சாயங்காலம் பெரியவரும் மனைவியும் பெட்டியோடு வந்தார்கள். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தவர், பளபளக்கும் தரையைக் கண்டு தயங்கினார்.

"பெருக்கக்கூடாதுன்னு சொன்னேளேம்மா," என்றார்.

"நான் பெருக்கலைங்க," என்றாள் பிரேமலதா. "அவளே பெருக்கிட்டுப் போயிட்டா."

அவள் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறினாள்.