கட்டைக்குரல் ஃபோல்டர்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு அமெரிக்காவுக்குப் போய்விடும். மூன்று பேரில் ஒருவரும் சென்னையைத் தாண்டியதில்லை. ஒருவன் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். இன்னொருவன் கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போடுகிறவன். சொந்த நிலம், சொந்த டிராக்டர், அதற்கேற்ற வாய். நான் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பேச்செல்லாம் பழைய ராப் பாட்டைப் பற்றித்தான். இப்போது பிள்ளைகள் கேட்கிற ரகம் இல்லை. தாளம் கனமாக, அவசரப்படாமல் விழ, ஒரு ஆள் அதன்மேல் ஏறி நின்று பேசுவானே, அந்தக் காலத்து ஹிப் ஹாப். எந்தக் காலம் என்று கேட்டால் வருஷம் சொல்லத் தெரியாது. மெமரி கார்டு காலம் என்போம்.

பாடியவர்களின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கட்டைக்குரல், வேகம், இருமல் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். இருமல் என்பவர் ஒவ்வொரு பாட்டையும் இருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஆள் யாரென்று தேடக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு சட்டம். டிராக்டர்காரன் போட்டது. தேடினால் தொப்பையோடு யாராவது வந்து நிற்பான், பாட்டு கெட்டுவிடும் என்பான்.

இதெல்லாம் ஆரம்பித்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில். அங்கே நான் வேலைக்கு இருந்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதுதான் முக்கிய வேலை. ரிப்பேருக்கு வந்த ஒரு இன்ஜினியரிங் மாணவன் தன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்த பாட்டையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டுப் போனான். அதில் ஒரு பகுதி இந்த ராப். எந்தப் பாட்டுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். புதுசாக இருக்கிறதே என்று நாலு வாடிக்கையாளர்களுக்கு ஏற்றிக் கொடுத்தேன். மறுநாளே மூன்று கார்டு திரும்பி வந்துவிட்டது.

"பாட்டு கர்ரு கர்ருனு கீறுதுப்பா. கார்டு போச்சு, வேற குடு."

இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து வேண்டுமென்றே எழுப்புகிற அந்தக் கீறல்தான் அந்தப் பாட்டின் அழகே என்று எப்படி விளக்குவது? முதலாளி என்னைத் திட்டிவிட்டு கார்டை மாற்றிக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்காத நாலாவது ஆள் ஒரு டிராக்டர் டிரைவர். அவன் இரண்டு நாள் கழித்து வந்து, "இதே மாரி இன்னும் கீதா?" என்று கேட்டான். கூடவே டிராக்டரின் சொந்தக்காரனும் வந்திருந்தான். அந்த டிரைவர்தான் இப்போது ஜீப் ஓட்டுகிறவன்.

கரும்பு வெட்டுக் காலத்தில் சர்க்கரை ஆலை வாசலில் லோடு ஏற்றிய டிராக்டர்கள் நாள் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். கடைக்கு விடுமுறை என்றால் நானும் அங்கே போய்விடுவேன். இஞ்சினுக்குப் பின்னால் கட்டிய ஸ்பீக்கரில் கட்டைக்குரல் முழங்கும். முன்வண்டிக்காரர் இறங்கி வந்து, "யாருப்பா இவன், யார இந்தத் திட்டு திட்றான்?" என்பார். ஒரு வார்த்தை எங்களுக்கும் புரியாது. ஆனால் திட்டுகிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்தால் அதே சண்டைதான்.

"வேகம்தான்டா ஆளு. மூச்சு வுடாம ரெண்டு நிமிசம் பேசுறான்" என்பான் டிராக்டர்காரன்.

"மூச்சு வுடாதவன் மனுசனாடா? தண்ணி மோட்டாரு" என்பான் ஜீப்காரன். "கட்டக்கொரலப் பாரு. நிறுத்துவான். அந்த எடத்துல நமக்கு வயிறு கலங்கும்."

நான் இருமல் கட்சி. எனக்கு ஆதரவு கிடைத்ததே இல்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஒருநாள் முதலாளி, "நம்பர வெச்சிக்கினு எவன் தேடுவான்? ஃபோல்டர் போட்டுப் பேரு வையி" என்றார். யார் பாடியது என்று எனக்கு எங்கே தெரியும்? காதை நம்பிப் பிரித்தேன். கனத்த குரலெல்லாம் ஒரு ஃபோல்டர். பதினாலு பாட்டு சேர்ந்தது. அத்தோடு விட்டேனா என்றால் இல்லை. அப்போது எனக்கு இருபது வயது, எல்லாம் தெரியும் என்கிற வயது. கோபமான பாட்டையெல்லாம் முதலில் வைத்தேன். பிறகு திமிரானவை. பிறகு இரும்புக் கதவு சாத்துகிற சத்தத்தோடு தொடங்கும் இரண்டு. கடைசியாக, பியானோவும் ஒரு குழந்தையின் சிரிப்பும் வருகிற நிதானமான பாட்டு. கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஜீப்காரன் அந்த வரிசையை ஒரு மனிதனின் வாழ்க்கையாகவே கேட்டிருக்கிறான். சின்ன வயதில் ஊரையே திட்டினான், காசு வந்ததும் ஆடினான், ஜெயிலுக்குப் போனான், வெளியே வந்து பிள்ளை பெற்று அடங்கினான். ஒவ்வொரு காலத்தையும் அவன் விளக்குவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுகிறான் என்றுதான் நினைப்பீர்கள். நானும் தலையாட்டுவேன். வரிசை நான் போட்டது என்று சொல்லலாம்தான். பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஜீப்காரன் குடித்தான். கொஞ்ச நஞ்சமாக இல்லை. அவன் மனைவி ஆறு வயது மகளோடு திருநாவலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். டிராக்டர் வேலையும் போயிற்று. ஒருநாள் கடைக்கு வந்து, கண்ணெல்லாம் சிவந்து, "அவனே அடங்கிட்டான்டா. எனக்கு இன்னா கேடு?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே நிறுத்திவிடவில்லை, மூன்று முறை சறுக்கினான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். குடிக்க வேண்டும் போல் இருந்தால் ஃபோல்டரை முதல் பாட்டிலிருந்து போடுவான். பதினாலு பாட்டும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தையின் சிரிப்பு வரும்போது அந்த ஆசை தணிந்திருக்கும். அப்படியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டான். மனைவி திரும்பி வந்தாள். மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

போன மாதம் கடைக்கு வந்தான். ஜீப்புக்குப் புது பெயின்ட் அடிக்கிறானாம். பின்னால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

"கட்டக்கொரலு போட்டோ ரெண்டு எடுத்துக் குடுடா. சின்ன வயசுல ஒண்ணு, இப்ப ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல ஒட்டணும்."

"தேடக்கூடாதுன்னு சட்டம் இருக்குதே" என்றேன்.

"சட்டமாவது மண்ணாவது. தொப்ப வெச்சிருந்தா வெச்சிருக்கட்டும். பொழச்சி வந்த ஆளுடா."

பாட்டுப் பக்கத்தில் போனைப் பிடித்தால் பாடியவர் பெயரைச் சொல்லும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. அவன் போனதும் உட்கார்ந்து பதினாலு பாட்டையும் போட்டுப் பார்த்தேன். மூன்று பெயர் வந்தது. தப்பாகச் சொல்கிறதோ என்று வேறு போனில் போட்டேன், அதே மூன்று பெயர். அந்தப் பெயர்களைத் தேடிப் படித்தேன். கோபமும் திமிரும் ஒரு ஆள். இரும்புக் கதவு வேறு ஒருவர். பியானோவும் குழந்தையும் மூன்றாமவர், வேறு ஊர்க்காரர். ஆரம்பத்திலிருந்தே சாதுவான மனிதராம். அந்தக் கோபக்காரப் பையனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவன் திருந்தவும் இல்லை, பிள்ளை பெறவும் இல்லை.

டிராக்டர்காரனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அட, மொத ஆளு, கடசி ஆளு, ரெண்டு பேரு போட்டோவையும் குடுத்துடு மச்சான். குறுந்தாடி வெச்ச ரெண்டு கறுப்பு ஆளுங்க. அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவனுக்குத் தெரியாது. அவன் பொண்ணு கையில போன் கீதே."

"சொன்னா குடிப்பான்டா."

"தெரியும்."

"பொண்ணு சொல்லித் தெரிஞ்சா?" என்றும் நானே கேட்டேன்.

இரண்டு பேருமாக நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "நான் வரல சாமி, என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியாது" என்று அவன் நழுவிக்கொண்டான். வாய் மட்டும்தான் பெரிசு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் போய் அவன் ஜீப்பிலேயே முன்சீட்டில் ஏறினேன். மலைப்பாதை முழுக்கப் பின்னால் ஆட்கள், அரிசி மூட்டை, ஒரு புது கிரைண்டர். பேச முடியவில்லை. அவன் மட்டும் ஸ்டிக்கரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நடுவில் என்ன எழுதலாம் என்று என்னிடம் யோசனை கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

வெள்ளிமலையில் ஆட்கள் இறங்கியதும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அடுக்கியது நான், மூன்று பேர், குரல் ஒன்று போல இருந்தது, அவ்வளவுதான் என்றேன். கத்துவான், அடிப்பான் என்று தயாராக இருந்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மொதோ பாட்டுப் பாடுனவன் எங்க இப்ப?"

சொன்னேன்.

"செத்துட்டானா?"

"ரொம்ப நாள் ஆச்சு. நாம கேக்கறதுக்கு முன்னாடியே."

"நா கேக்கும்போதே இல்லியா அவன்?" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொழச்சிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. புள்ள குட்டியோட எங்கியோ நல்லா இருக்கறான்னு."

நான் எதற்கெல்லாமோ பயந்தேன். ஏமாந்துவிட்டோம் என்று கோபப்படுவான், நம்பிக்கை போய்விட்டது என்பான் என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பையனுக்காக அவன் அழுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெயர் என் போனில் வந்தபோது ஒரு நிமிஷம்கூட நான் அவனுக்காக வருத்தப்பட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கீழே போக ஆட்கள் வந்து ஏறினார்கள். அவன் இறங்கி, "அடுத்த வண்டில போங்க, இதுல பிரேக் சரியில்ல" என்று எல்லோரையும் அனுப்பினான். பிறகு சாவியைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"நீயே வெச்சிக்கோ. நா கேட்டாலும் குடுக்காத. என்ன சொன்னாலும் குடுக்காத."

"ஃபோல்டர் போடட்டுமா?"

"வேணாம். இன்னிக்கி அத வெக்காத."

அவன் மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சாவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பிறகு, "கூடவே இருங்கண்ணா" என்றாள்.

ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு வாங்கி வந்தேன், பிசைந்துவிட்டு வைத்துவிட்டான். இரண்டு மணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். டிராக்டர்காரனை நாலு வார்த்தை திட்டக்கூடச் செய்தான். மூன்று மணிக்குக் கையை நீட்டினான்.

"சாவியக் குடு. டீசல் போட்டுக்கினு வந்துட்றேன்."

"டீசல் இருக்குது."

"ஆயில் பாக்கணும்டா."

"இங்கியே பாரு."

என் சட்டையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது. "நீதானடா அடுக்கினே? உன்ன யாரு அடுக்கச் சொன்னது? இன்னா மயித்துக்குடா இன்னிக்கி வந்து சொல்ற?"

"நான்தான் அடுக்கினேன். குடுக்க மாட்டேன்."

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் உயரம், பலசாலி. பிடுங்க நினைத்தால் ஒரு நிமிஷ வேலை. நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் சட்டையை விட்டுவிட்டு, டயரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஒம்போது வருசத்துல இன்னிக்கிதான்டா இவ்ளோ வேணும்னு இருக்குது" என்றான், என்னைப் பார்க்காமல்.

"தெரியுது."

"நீ போயிடாத."

பொழுது சாய்கிற நேரத்தில் கீழே போகிற கடைசி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். படியில் நின்றபடி, "வரலீங்களா, இதான் கடைசி" என்று கேட்டார். வரவில்லை என்று கையாட்டினேன். அவர் விசில் கொடுத்தார், பஸ் போயிற்று. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.