இலவச உரத்துக்கு வந்த பத்துச் சக்கர லாரி

நடந்தவை, வரிசையாக:

1. சங்ககிரிப் பக்கம் எங்கள் பேரூராட்சியின் இணையதளத்தில் ‘பசுமைப் பக்கம்’ ஒன்றை உருவாக்கினேன். ஒப்பந்த வேலையில் என்னை எடுத்ததே அதற்காகத்தான்.

2. குப்பை எவ்வளவு, அதிலிருந்து ஆகும் உரம் எவ்வளவு, பிளாஸ்டிக் எங்கே போகிறது, எல்லாவற்றையும் கோப்பில் இருந்தபடி ஏற்றினேன்.

3. மூன்று மாதம் அதைப் பார்த்தவர்கள் நானும் என் அம்மாவும். அம்மா, என் வற்புறுத்தலால்.

4. “மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராச்சும் இதப் பாத்துட்டு வரோணும். இல்லீன்னா பக்கத்த எடுத்துரலாம்” என்றார் செயல் அலுவலர். பக்கம் போனால் நானும் போவேன்.

5. ‘உரம் இலவசம். வேண்டிய அளவு எடுத்துச் செல்லலாம்’ என்று பெரிய எழுத்தில் சேர்த்தேன்.

6. மாதத்தின் கடைசி நாள் காலை, உரக்கூடத்துக்குப் பத்துச் சக்கர லாரி ஒன்று வந்தது.

ஆறாவதை விரிவாகச் சொல்ல வேண்டும். ரோஜாச் செடிக்கு ஒரு பை கேட்டு யாராவது வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தெருவுக்கு நாலு லாரி நிற்கும் ஊரில் அப்படி நினைத்தது என் தவறு. கூடத்தில் இருந்தது ஒன்பது மூட்டை.

ஓட்டுநரின் கைபேசியில் என் பக்கம் திறந்திருந்தது. அம்மாவைத் தவிர இன்னொருவர் கையில் அதை அப்போதுதான் பார்த்தேன்.

“ஏனுங்க அம்மிணி, எனக்கு நாலு ஏக்கரா மரவள்ளிங்க. மிச்சமெல்லாம் எங்கீங்க?”

“இவ்வளவுதாங்க இருக்குது.”

“இதுக்கு மொபெட்லயே வந்திருப்பேனுங்களே.”

உரக்கூடத்து மேற்பார்வையாளர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “எழுதறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல கண்ணு?”

ஒன்பது மூட்டையும் ஏறிய பிறகும் வண்டி கிளம்பவில்லை.

“உரத்தத் தோட்டத்துல எறக்கிட்டு சிமெண்ட் ஏத்த ஆலைக்குப் போறனுங்க. அதுவரைக்கும் வண்டி காலியாப் போனா எனக்கு மனசு ஒப்பாதுங்க. அந்தப் பக்கம் போற லோடு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அக்கா சிரிப்பை நிறுத்தினார். கூடத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பொதிகள் கூரை உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ‘மக்காத பிளாஸ்டிக் மாதந்தோறும் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்பப்படுகிறது’ என்று என் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பில் அப்படித்தான் இருந்தது. வண்டி கிடைக்காமல் ஐந்து மாதமாக அது இங்கேயே கிடப்பது கோப்பில் இல்லை.

அக்கா அனுமதி கேட்டுப் போன் செய்ததும் செயல் அலுவலர் நேரிலேயே வந்துவிட்டார். பொதிகள் ஏறுவதைப் பார்த்தார். ஓட்டுநரின் கைபேசியையும் வாங்கிப் பார்த்தார்.

“அப்ப இந்தப் பக்கம் வேலை செய்யுது.”

“பக்கம் வேலை செய்யுதுங்க” என்றார் ஓட்டுநர். “உரந்தான் இல்லீங்க.”

இன்றைய நிலை: பக்கம் இருக்கிறது, நானும் இருக்கிறேன். ‘வேண்டிய அளவு’ என்பதை ‘ஆளுக்கு இரண்டு மூட்டை’ என்று மாற்றிவிட்டேன். உர இருப்பு: இல்லை. பிளாஸ்டிக் வரியிலிருந்து ‘மாதந்தோறும்’ என்பதை நீக்கி, லாரி போன தேதியைப் போட்டிருக்கிறேன்.