அண்ணன் அடித்த தப்பு

நிறைந்த தகர வாளியை விரல் முட்டியால் தட்டினால் சத்தம் கனமாக, ஈரத்தோடு வரும். வாளி குறையக் குறைய அது மெல்லத் திறந்துகொண்டு கணீரென்று கேட்கும். இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டே தீரவேண்டும் என்பதற்காக, விடிந்தும் விடியாத குளிரில் "பீலி"யடியில் வரிசையில் நின்று நான் பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தரையில் ஊற்றிவிட்டுத் தாளம் பார்ப்பார் என் அண்ணன். மலையிலிருந்து குழாய்வழியாக வரும் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலி ஒன்றுதான் எங்கள் லயம் என்ற வரிசை வீடுகள் முழுவதற்கும். திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியவள் நான். "சத்தம் நல்லாருக்குல்ல, பாப்பா?" என்று என்னிடமே கேட்பார்.

அண்ணன் இறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பதுளை டவுனில் எங்கே போனாலும் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, ராமண்ணனைப் போல ஒரு மனுசன் பிறக்கமாட்டான் என்கிறார்கள். தலையை ஆட்டி வைக்கிறேன். அவரோடு ஒரே "காம்பரா"வில், அந்த ஒற்றை அறையில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், அவருடைய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேட்டு லயத்தில் எங்கள் வீடு. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார், அம்மா கொழுந்து எடுப்பாள். மூத்தவரான ராமண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அடுத்தவள் சரசு அக்கா. வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் நான். கோயில் பஜனைக் கோஷ்டி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஆர்மோனியம் ஒன்றை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். துருத்தி ஓட்டையானதால் பாட்டுக்கு நடுவே அது ஆஸ்துமாக்காரரைப் போல மூச்சிழுக்கும். மழைக் காலத்தில் அதற்கு ஈரம் ஆகாது என்று, கூரை ஒழுகாத ஒரே மூலையை அதற்குக் கொடுத்துவிட்டு, என்னையும் என் பள்ளிக்கூடப் பையையும் ஒழுகும் பக்கத்துக்குத் தள்ளினார்.

வீட்டின் மீது பாசமில்லாதவர் என்று சொல்ல முடியாது. பாசம் வீட்டோடு நிற்காது என்பதுதான் தொல்லை. அம்மாவின் நல்ல கம்பளியைப் பிள்ளை பெற்ற ஒருத்திக்குப் போர்த்திவிட்டு வருவார். அப்பா காலையில் "பெரட்டு"க்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது குடையைத் தேடினால் அது கீழே உள்ள பணிய லயத்தில் யாரோ ஒருவரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். அம்மா சொல்லிச் சொல்லிச் சலித்த வார்த்தை ஒன்று உண்டு: "வீட்டுக்குன்னு ஒரு புள்ளயப் பெத்தேன்னு நெனச்சேன். தோட்டத்துக்குல்ல பெத்து வச்சிருக்கேன்."

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த நேரத்தில், பெரகலையிலிருந்து சரசு அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை நடேசன் பெரகலைச் சந்தியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா ஒரு பழைய கங்காணி, மரியாதை முறைகளில் கண்டிப்பானவர் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் முன்பக்கத் தாழ்வாரத்தை அம்மா சாணம் போட்டு மெழுகினாள். அக்கா அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் காயவிட்டாள். அப்பா அண்ணனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்து, அவர் கையில் கொடுத்துச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ஒரு நாளைக்கு மட்டும் மனுசனா இரு. இதப் போட்டுக்கிட்டு பஸ் நிக்கிற எடத்துல நின்னு அவங்களக் கூட்டிக்கிட்டு வா. வேற எதுவும் நீ செய்ய வேணாம். பாடவும் வேணாம்."

"சரிப்பா" என்றார் அண்ணன். உண்மையாகவே சொன்னார். அவர் சொன்ன நேரத்தில் எல்லாமே உண்மைதான்.

சனிக்கிழமை மாலை பணிய லயத்தில் வேலன் செத்துப்போனார். தோட்டத்தில் எந்தச் சாவென்றாலும் முன்னால் நடந்து தப்பு அடிப்பவர் அவர்தான். தப்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் வேலனுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க எல்லா வீட்டிலும் தனியாக ஒரு கோப்பை இருந்தது. அண்ணன் மட்டும் அவரை "மாமா" என்று கூப்பிடுவார். வேலை முடிந்து வேலனின் வாசலில் உட்கார்ந்து அவர் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்காக லயத்துக்காரர்களிடம் அப்பா வாங்கிய பேச்சுக்கு அளவில்லை.

வேலனின் மகன்மார் இருவரும் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். பஸ்காரரிடம் சொல்லியனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரர்கள் ஒரு திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். பிணத்தை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது, சத்தமில்லாமலே எடுத்துவிடலாம் என்று ஞாயிறு காலை பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

பெரகலைக்காரர்கள் வரும் நேரம் நெருங்கியும் அண்ணனைக் காணாததால், அப்பா என்னைத் தேடி அனுப்பினார். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். பணிய லயத்துக் கடைசி வீட்டு வாசலில் சருகு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையோடு குந்தியிருந்து, வேலனுடைய தப்பைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா ஒங்கள பஸ்ஸுக்குப் போகச் சொன்னாரு."

"தெரியும் பாப்பா. மாமாவ விட்டுட்டு வந்துர்றேன்."

"அவங்க வந்துருவாங்க."

"வரட்டும். அவங்களுக்கு வழி சொல்ல ஆளு இருக்கு." வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த வேலனின் மனைவி பொன்னம்மாவைக் காட்டினார். "அந்த அத்தை என்ன கேட்டுச்சு தெரியுமா? 'ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன், அவரு மட்டும் சத்தமில்லாம போகணுமா'ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்றது?"

அப்பாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா தானே பஸ்ஸுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். நடேசன், அவருடைய அப்பா, அத்தை ஒருவர், பழத்தட்டோடு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். லயத்துக்கு ஏறும் ரோடு ஒன்றுதான். பாதி ஏறியபோதே சத்தம் கேட்டது. வளைவில் பாடை திரும்பியது. அதற்கு முன்னால், சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருக்க, கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் அடித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் ஒதுங்கித் தேயிலைக்குள் இறங்கி நின்றோம். சங்கீதம் தெரியாத என் காலே அந்த அடிக்குத் தானாகத் தாளம் போட்டது. பாடைக்குப் பின்னால், பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை மறந்து, பொன்னம்மா நடந்துவந்தார்.

கூட்டம் கடந்ததும் பெரகலைப் பெரியவர் மேலே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பேச்சுக்குக் கேட்பதுபோல அப்பாவிடம் கேட்டார். "அடிக்கிற பையன் நல்லா அடிக்கிறான். செத்தவரு மகனா?"

ஆமாம் என்று அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அண்ணன் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வேறு சட்டையில் வந்து நின்றால் அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அப்பா பெரியவரை நேராகப் பார்த்தார்.

"இல்லீங்க. அது எம் மகன்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர்கள் வீடுவரை வந்தார்கள். அக்கா தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர் கோப்பையைத் தொடவில்லை. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்ததைக் கீழே வைத்தார்கள். "நல்ல காரியம் பேச வந்த வழியில சாவு குறுக்க வந்துருச்சு, இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பழத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பீலியில் குளித்துவிட்டு, தலையில் ஈரம் சொட்ட வந்த அண்ணன், "போய்ட்டாங்களா? டீ குடுத்தீங்களா?" என்று கேட்டார். அம்மா அகப்பையை எடுத்து அவர் மேல் எறிந்தாள். அன்றிலிருந்து தைப்பொங்கல் வரைக்கும் அப்பா அவரோடு பேசவில்லை. பஜனைக் கோஷ்டியில் அண்ணனைச் சேர்க்கக்கூடாது என்று கோயிலில் பேசி முடித்தார்கள். அண்ணன் கோயிலுக்கு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்து உள்ளே நடக்கும் பாட்டையே கூடப் பாடினார். உள்ளே தாளம் தப்பினால் வெளியிலிருந்து திருத்தினார். தாங்கமாட்டாமல் அவர்களே ஒரு நாள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து நடேசன் தனியாக வந்தார். தன் அப்பாவுக்குத் தெரியாமல் வந்ததாகவும், அன்று அண்ணன் அடித்ததைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை என்றும், அக்காவுக்குச் சம்மதமென்றால் தன் அப்பாவை எதிர்த்தாவது கல்யாணம் முடிப்பதாகவும் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அடுப்படியிலிருந்து அக்கா இஸ்தோப்புக்கு வந்து நின்றாள்.

"அன்னைக்கு நீங்களும் கோப்பைய கீழ வச்சீங்க" என்றாள்.

"அப்பா முன்னால நான் என்ன செய்றது?"

"அதத்தான் நானும் சொல்றேன். எல்லாக் காரியமும் ஒங்க அப்பா முன்னாலதானே நடக்கும்."

அத்தோடு அது முடிந்தது. அம்மா ஒரு வாரம் அழுதாள். பிறகு அக்காவுக்குப் பண்டாரவளையில் ஒரு பஸ் கண்டக்டரோடு கல்யாணமாகி, நன்றாகவே இருக்கிறாள். ஆனால் நடேசன் எங்களை விட்டுப் போகவில்லை. தொங்கிய முகத்தோடு இறங்கிப் போனவரை, கூட நடந்து பஸ் ஏற்றப் போன அண்ணன், வழியிலேயே பாட்டுப் பேச்சுப் பேசிச் சிநேகம் பிடித்துவிட்டார். அடுத்த திருவிழாவுக்கு அவர் கையில் ஜால்ராவோடு வந்து நின்றார். அதன் பிறகு எத்தனையோ வருடம் வந்தார். அக்கா பிள்ளைகளோடு வந்திருக்கும் நாளிலும் வந்தார். ஒரே இஸ்தோப்பில் இருவருக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தச் சங்கடமும் தெரியாமல் சுருதி பிடித்துக்கொண்டிருந்த அண்ணனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன மாதம் தோட்டத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவர் ஒருநாளும் போட்டறியாத கோட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த படத்தைப் பெரிதாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவர் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காதவர் என்றார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டபோது, கொடுத்தார் என்று சொன்னேன். அக்காவுக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்தார், அம்மாவை அழவைத்தார் என்று வரிசையாகச் சொன்னேன், சனம் சிரித்தது. அப்பாவைத் தலைகுனிய வைத்தார் என்று அடுத்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று அந்த ரோட்டில் அப்பா தலை குனியவில்லை. அதோடு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

மேட்டு லயத்தில் இப்போது பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சாவு விழுந்தால் வேன் வருகிறது. பாடை நடந்த ரோட்டில் யாரும் யாருக்காகவும் தேயிலைக்குள் ஒதுங்கி நிற்பதில்லை.

கடைசி வருடங்களில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையில் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். தனியாக ஒருநாளும் வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர், மிருதங்கம் பழகும் பையன், சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் என்று யாராவது கூடவே வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஒரு பலனும் இல்லாததால், எத்தனை பேர் வந்தாலும் போதும் என்கிற அளவில் உலை வைக்கப் பழகிக்கொண்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கை அந்த அளவுக்குத்தான் அரிசியை அள்ளுகிறது. மாலையில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடும்போது, அதற்கும் அவர் மேல்தான் எரிச்சல் வருகிறது.