கிண்ணியாவில் கழுவாமல் கிடந்த வள்ளம்

அன்பான விசுவாசிகளே, அன்புவழிபுரம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிப்பதைக் கம்பனியாக்க உதவுவது என் வேலை. சென்ற வருடம் அந்த வேலையே என்னை முழங்காலில் விழவைத்தது.

சுகந்தன் என்ற ஆய்வாளர், கடலில் சிந்தும் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் ஒன்றைத் துறைமுகச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். அவருடைய இளமை முழுவதும் அதற்கே போய்விட்டது. இரகசியம் வெளியே போய்விடும், வேறெங்கும் மாதிரிகள் இருக்கக்கூடாது என்றார்கள் முதலீடு செய்ய வந்தவர்கள். நண்பர்களின் ஆய்வுகூடங்களில் இருந்தவற்றையும் திருப்பி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் பூட்டினோம். பாதுகாத்தோமாம்! நீண்ட விடுமுறையில் பெட்டி பழுதானது. திறந்தபோது நாற்றம்தான் மிச்சம். எதிலும் உயிரில்லை. மறுபடி சேறு எடுத்தும் பார்த்தார். கிடைக்கவில்லை.

“அக்கா, இனி என்னால ஏலாது” என்றார். சாப்பாட்டை விட்டுவிட்டார். அவரைத் தனியே விடவே பயந்தேன்.

ஓர்ஸ் ஹில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்காவது ஒரு துளி மீதி வைத்திருந்தால் காட்டும் ஆண்டவரே என்றுதான் கேட்டேன். அப்போது ஹனீபா நானாவின் ஞாபகம் வந்தது. கிண்ணியா மீனவர். அவருடைய வள்ளத்தின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரில், பரிசோதனைக்காக முன்பு அந்த நுண்ணுயிரை ஊற்றியிருந்தோம்.

போனால், நானா மௌத்தாகி, அடக்கமும் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. மனைவி, கணவனை இழந்த பெண்கள் சில மாதம் தனித்திருக்கும் இத்தாவில், வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்தார். சுகந்தன் வாசலில் நிற்க, பெண் என்பதால் என்னை உள்ளே அழைத்தார்கள். துக்கவீட்டில் ஊத்தைத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்த காரியம் என்னவென்று நானாவின் மனைவியே கேட்டார். சொன்னேன்.

“இத்தா முடிஞ்சு நான் வந்து பாக்குறவரைக்கும் வள்ளத்தக் கழுவ வேணாமெண்டு சொல்லி வெச்சிருக்கன். அவர் விட்ட மாதிரியே கிடக்கு. தண்ணிதானே, எடுங்க.”

வள்ளத்தை மூடியிருந்த படங்கை விலக்கி, அடியில் கிடந்த தண்ணீரை அள்ளினோம். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது அது உயிரோடிருந்தது. சுகந்தன் குழந்தைபோல் அழுதார்.

கம்பனி இன்று நடக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் நானா இருந்திருந்தால் வள்ளத்தைக் கழுவியிருப்பார், அந்தத் துளியும் போயிருக்கும். அதை நினைத்தால் துதிக்கிற வாய் அடைத்துப்போகிறது. அவருடைய மரணம் எங்களுக்காக என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். இப்போது என் ஜெபத்தில் அந்த வீடுதான் முதலில் வருகிறது.

வழியெல்லாம் அடைபட்டவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். பதில் வந்த வீட்டையும் மறந்துவிடாதீர்கள். நான் போகும்போதெல்லாம் அந்தப் பெண் ஒன்றைத்தான் கேட்பார்.

“அவர்ர வள்ளத்தில இருந்தது இன்னும் உசிரோட இருக்கா?”

ஓம் என்பேன்.