வாழைத்தாரோடு வந்த திருடர்

போன வியாழக்கிழமை காலை. இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால். வாசலில் ஜங்ஷன் உரக்கடை அண்ணாச்சி. தோளில் ஒரு வாழைத்தார்.

"தம்பி இருக்காவளாம்மா? ஒரு தப்பு பண்ணிட்டேன். சொல்லிட்டுப் போயிருதேன்."

எனக்குப் பகீரென்றது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பகீர்தான். என் கணவர் வேலையை விட்டு மூன்று மாதமாகிறது. நல்ல கம்ப்யூட்டர் கம்பெனி, மாதச் சம்பளம். எல்லாம் ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யால் போயிற்று. அதில் கம்ப்யூட்டரையே ஓட்டுகிற லினக்ஸ் என்று ஒன்று. காசு கிடையாது. யாரும் காப்பி எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதில் ஓடுகிற மாதிரி, கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் ஒன்றை இவர் எழுதினார். அதையும் அதே மாதிரி ஊருக்கு விட்டுவிட்டார்.

"சும்மா குடுத்துட்டு சோத்துக்கு என்ன செய்யப் போறீய?"

"புரோகிராம்தான் சும்மா. போய் கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுக்கது, சொல்லிக் குடுக்கது, கெட்டுப்போனா ஓடிப்போய்ப் பாக்கது... அதுக்குத் துட்டு."

நன்றாக ஓடினால் யார் கூப்பிடப் போகிறார்கள்? ஓடாவிட்டால் எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? அந்த லினக்ஸின் உரிமக் காகிதங்களை நானே உட்கார்ந்து படித்தேன். படித்த பெண் இல்லையா? முடிவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது — எந்த உத்தரவாதமும் கிடையாது.

பழைய மேனேஜர் நல்லவர். ஒன்றாம் தேதி வரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். 'மீண்டும் சேர விரும்புகிறேன்' என்று இவர் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்தையும் நானே போட்டேன். ஸ்டாம்ப் ஒட்டி, கைப்பையில் வைத்து, தபால் பெட்டியை மூன்று முறை தாண்டிப் போனேன். (பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை இவர் படிப்பதில்லை. அந்தத் தைரியம்தான்.)

தொழில் எப்படி? அண்ணாச்சி கடையையும் சேர்த்து மூன்று கடைகளில் மாட்டிக் கொடுத்தார். மூன்றிலும் ராஜ உபசாரம். காப்பி, வடை, "தம்பி, சாப்பிட்டுத்தான் போகணும்." சும்மா கொடுக்க வந்த பிள்ளையிடம் போய்க் கூலி பேசலாமா? மரியாதை இல்லையே! இவரும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. மூன்று மாத வருமானம் — இவர் உடம்பில் மூன்று கிலோ.

இவர் வாசலுக்கு வந்ததும் அண்ணாச்சி உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

"களக்காட்டுல நம்ம மச்சினனும் உரக்கடைதான் வச்சிருக்கான். இங்கன வந்தவன் நீங்க போட்டுக் குடுத்ததப் பாத்துட்டு ஒரே நச்சரிப்பு தம்பி. ஒரு காப்பி எடுத்துக் குடுத்திட்டேன். கேக்காம எடுத்தா திருட்டுல்லா? ராத்திரி உறக்கமே வரல."

இவர் சிரிக்கிறார்! "தாராளமா எடுக்கலாம் அண்ணாச்சி. இன்னும் பத்துப் பேருக்குக் குடுங்க."

"அப்போ திருட்டு இல்லையாவே?" அண்ணாச்சியின் பார்வை மெல்ல வாழைத்தார் பக்கம் போனது. நான் அதைச் சட்டென்று உள்ளே இழுத்து வைத்தேன்.

அவர் தலை மறைந்ததும் வெடித்தேன். "பத்துப் பேருக்கா? ரத வீதியில நின்னு கூவிக் குடுத்துட்டு வாங்களேன்!"

"பைய பேசு, பிள்ளை பயந்து முழிக்கான்" என்றார்.

மாலை. இவர் வெளியே போயிருந்தார். போன். அண்ணாச்சியின் களக்காட்டு மச்சினன்.

"அக்கா, எங்க உரக்கடை அத்தான் குடுத்த சி.டி. ஒண்ணும் அசைய மாட்டேங்கு. பக்கத்துப் பூச்சிமருந்துக் கடையும் வாழைக்காய் மண்டியும் என்கிட்ட காப்பி எடுத்துட்டுப் போனாவ. அவுகளுக்கும் அசையல. சாரை வரச் சொல்லுங்க."

ஒரு திருட்டு மூன்றாகிவிட்டது! 'வருவாவ' என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். குழந்தை போன் வயரைப் பிடித்து இழுத்தான்.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு இலவச வைத்தியம். குறை சொல்ல முடியாது, எல்லாம் நல்ல வைத்தியம்தான். ஆனாலும் டாக்டரிடம்தான் ஓடினேன். ஃபீஸ் கொடுத்தபோது கொஞ்சமும் வலிக்கவில்லை. ஏன்? பன்னிரண்டு பேரும் பொதுவாகச் சொன்னார்கள். அவர் என் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்.

"சி.டி. சும்மாதான்" என்றேன் போனில். "ஆனா வந்து மாட்டிக் குடுக்க கடைக்கு இவ்வளவு. மாசாமாசம் வந்து பாக்க இவ்வளவு." வாய்க்கு வந்த தொகை. கூடுதலோ? குறைவோ? போனையே வைத்துவிடுவாரோ?

வைக்கவில்லை.

"இத முதல்லயே சொல்லப்படாதா? துட்டு வாங்காம வாரவரை, 'ஏன்வே இன்னும் வரல'ன்னு அதட்ட முடியுமா? இப்போ நிம்மதி. மூணு கடைக்கும் சேத்து நாளைக்கே வரச் சொல்லுங்க."

சும்மா கிடைப்பதை யாரும் வேண்டாமென்பதில்லை. ஆனால் திட்டும் உரிமைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்! இது தெரியாமல் மூன்று மாதம் வடை சாப்பிட்டிருக்கிறார் மனிதர்.

வெள்ளிக்கிழமை இவர் களக்காட்டுக்குப் பஸ் ஏறினார். மூன்று கடையிலும் பில் வருகிறது. முதல் மாதப் பணமும் கையோடு வந்தது... கூடவே இன்னொரு வாழைத்தாரும்.

நேற்று ஒன்றாம் தேதி. தபால் பெட்டியை நான்காவது முறையும் தாண்டி வந்துவிட்டேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை, தேதியை மட்டும் அழித்து வைத்திருக்கிறேன் — உத்தரவாதம் கிடையாது என்று அவர்களே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே!